அத்தான் வண்டியில் சூப்பர்சார்ஜர்

கப்பலில் எனக்கு வலிப்பு வந்தது ஒரு காலை வேளையில். இன்ஜின் அறையில் எண்ணெய் வடிகட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, இரும்புத் தரையில் மல்லாந்து கிடந்ததும் முகத்துக்கு மேலே நாலைந்து தலைகள் குனிந்திருந்ததும்தான். யாரோ என் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்த துறைமுகத்தில் என்னை இறக்கி விமானம் ஏற்றிவிட்டார்கள். எர்ணாகுளத்தில் டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். உயரத்தில் ஏறக் கூடாது, தனியாக நீந்தக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். வலிப்பு வராமல் ஒரு வருஷம் போகட்டும், பிறகு பேசலாம் என்றார். கப்பலைப் பற்றிக் கேட்டேன். அதற்கு அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மட்டாஞ்சேரியில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் குடும்பம் கொச்சிக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். நாளாக ஆக வாசல் எது என்பதே குழம்பிப்போய்விட்டது. அக்கா பள்ளுருத்தியில் ஒரு பள்ளியில் ஹிந்தி டீச்சர். அத்தானுக்குத் துறைமுகத்தில், சரக்குக்கு அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை. இருவரும் காலையில் கிளம்பிப் போனபின் வீட்டில் நான் மட்டும்.

கப்பலில் சத்தம் நிற்கவே நிற்காது. தூங்கும்போதும் கட்டிலின் கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும். அதற்குள்ளேயே வருஷக்கணக்காக இருந்தவளுக்கு, மிக்சியைத் தவிர வேறு இயந்திரம் இல்லாத ஒரு வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. மின்விசிறியின் சத்தம் சரியில்லை என்று கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். மறுநாள் மறுபடி கழற்றினேன். கடைத்தெரு வரைக்கும் நடந்து போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினேன். அக்கா பள்ளியிலிருந்து இடைவேளைக்கு இடைவேளை போன் செய்வாள். "எந்தா பண்றே?" என்பாள். சும்மா இருக்கிறேன் என்றால், "ஆ, அப்படியே இரு" என்பாள்.

நான் வந்த வாரமே அவள் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டிருந்தாள். உள்ளே விழுந்தால் கதவை உடைக்க வேண்டி வரும் என்பது அவள் நியாயம். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே துணி மடிப்பதுபோல நின்றுகொண்டிருப்பாள். தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், "டீ" என்று குரல் வரும். நான் பதில் சொல்வேன். சோப்புத் தேய்க்கும்போதுகூடப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

வீட்டின் கீழ்த்தளம் ஒரு காலத்தில் கிடங்காக இருந்தது. பக்கத்துக் கிடங்கில் இப்போதும் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூட்டை பிரிக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் தும்முவோம். அங்கே மாடிப்படிக்குக் கீழே அத்தானின் வண்டி நின்றது. ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர், பழைய கார்ப்புரேட்டர் வண்டி. முதுகெலும்பில் வட்டு நழுவியதிலிருந்து அவர் அதை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்துவைப்பார், அவ்வளவுதான்.

சுள்ளிக்கல் பக்கம் வெளிநாட்டுக் கார்களின் பழைய பாகங்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. ஒரு நாள் நடந்து நடந்து அங்கே போய் நின்றேன். கியர்பாக்ஸ்களும் ரேடியேட்டர்களும் குவிந்து கிடந்த மூலையில் அலுமினியத்தில் ஒரு சின்னப் பொருள் கண்ணில் பட்டது. ஒரு ரொட்டிப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஒரு கப்பி. அதைக் கையால் சுற்றினேன். உள்ளே இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல், ஆனால் இம்மி இடம்கூட விடாமல் உருண்டன. மறுபக்கத்து வாயிலிருந்து என் மணிக்கட்டில் காற்று வந்து பட்டது. ஜப்பானியக் குட்டிக் கார் ஒன்றின் சூப்பர்சார்ஜர் அது.

இன்ஜின் தானாக மூச்சு இழுக்கும் அளவுக்குத்தான் அதற்குள் காற்று போகும். அதற்கு மேல் காற்றைத் திணித்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் கொடுக்கலாம், சக்தி கூடும். கப்பலில் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்றவைத்து இதைச் செய்வோம், அதற்கு டர்போ என்று பெயர். சூப்பர்சார்ஜரில் புகைக்கு வேலையில்லை; இன்ஜினின் சுழல்தண்டிலிருந்து ஒரு பெல்ட் போட்டு அதைச் சுற்றவைக்க வேண்டும். கடைக்காரர் இது எந்தக் காருக்கு என்று கேட்டார். கார் இல்லை, பைக்குக்கு என்று என் வாய் சொன்னது. அதுவரைக்கும் நான் அப்படி நினைத்திருக்கவில்லை.

அன்று மாலை அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். அக்கா பார்த்துவிட்டு, "இது எந்து சாதனம்?" என்றாள். சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்தாள். உன் வண்டி, நீ வேண்டாமென்று சொல் என்கிற பார்வை. அத்தான் கப்பியைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாம் முறை சுற்றினார். வண்டி கெட்டுப்போகலாம் என்று நானே சொன்னேன்.

"கெட்டா கெட்டுட்டுப் போட்டும்," என்றார். "நின்னுட்டே கெடறதுக்கு, ஓடிக் கெடட்டும்."

அக்கா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுக்க அவள் எங்கள் இருவரிடமும் தேவைக்கு மட்டும் பேசினாள்.

நினைத்ததைவிடக் கஷ்டமான வேலையாக அது இருந்தது. காரில் நாலு சிலிண்டர் மாறி மாறிக் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒற்றை சிலிண்டர் அப்படியில்லை. தண்டு இரண்டு சுற்று சுற்றினால் ஒரே ஒரு மடக்கு; மீதி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். சூப்பர்சார்ஜரோ நிற்காமல் ஊதிக்கொண்டிருக்கும். ஊதுகிற காற்று காத்திருக்க நடுவில் ஓர் அறை வேண்டும். அத்தான் தன் அலுவலகத்தில் கழித்துப்போட்ட சின்னத் தீயணைப்பான் உருளை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் காலி செய்து, வெட்டி, குழாய் வைத்துப் பற்றவைத்தோம். அந்த அறையில் இருக்கப்போவது வெறும் காற்றல்ல, பெட்ரோல் கலந்த காற்று. பின்னோக்கித் தீ வந்தால் வெடிகுண்டுதான். அதனால் மேலே ஒரு துளை போட்டு, ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும் ஒரு தகட்டால் அதை மூடினேன். அழுத்தம் எல்லை மீறினால் தகடு எழும்பி வழி விடும். கப்பல் இன்ஜினிலும் இப்படி வெடிப்புக் கதவுகள் உண்டு. அந்தத் தகட்டைச் செய்த அன்றுதான், வந்ததிலிருந்து முதல் தடவையாக, மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

கடைசல் வேலைக்குப் பள்ளுருத்தியில் அத்தானுக்குத் தெரிந்த லேத் பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் மலையாளி, என் வயதுதான் இருக்கும். முதல் நாள் அவர் அத்தானிடமே பேசிக்கொண்டிருந்தார். நான் அளவு சொன்னாலும் பதிலை அத்தானிடம் சொன்னார். இரண்டாம் முறை போனபோது அத்தானுக்கு வேலை இருந்தது, நான் மட்டும் போனேன். வேறு வழியில்லாமல் என்னிடம் பேசினார். பிறகு அதுவே பழகிப்போயிற்று. சுழல்தண்டின் நுனியில் மாட்ட ஒரு பல்சக்கரம், சூப்பர்சார்ஜருக்கு அதே அளவில் இன்னொன்று, சிலிண்டருக்கு அடியில் வைக்க ஒரு அலுமினியத் தகடு. சிலிண்டரைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் உள்ளே நெருக்கம் குறையும். இல்லாவிட்டால் திணித்த காற்று பிஸ்டனையே உடைத்துவிடும்.

அக்கா தனியாகப் பஸ்ஸில் போகக் கூடாது என்றாள். நான் தனியாகத்தான் போனேன். பள்ளுருத்தி பஸ்ஸில் ஜன்னலோரம் மடியில் அலுமினியத் தகட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இறங்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து கதவருகே போய் நின்றுவிடுவேன். இறங்கியும் நடக்க மாட்டேன், ஓட்டம்தான். ஏன் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அங்கே யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரரும் பார்க்க வந்திருந்தார். இன்ஜினைக் கிளப்பும் முன் சூப்பர்சார்ஜரை மட்டும் சுற்றிப் பார்க்கலாம் என்றேன். சுழல்தண்டு சுற்றும் அதே திசையில் டிரில் மெஷினை வைத்துச் சுற்றினோம். காற்றை இழுக்கும் வாயில் அத்தான் தன் பஸ் டிக்கெட்டைப் பிடித்தார். அது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பறந்துபோய்ப் படியில் விழுந்தது. பட்டறைக்காரர் அதை எடுத்துவந்து மறுபடி பிடித்தார். மறுபடி பறந்தது.

காரில் அது எந்தப் பக்கம் சுற்றியதோ, அதற்கு நேர் எதிராக எங்கள் வண்டியில் சுற்றியது. வண்டியின் இடப் பக்கத்தில் மாட்டியதால் வந்த வினை. இழுக்க வேண்டிய வாய் ஊதியது, ஊத வேண்டிய வாய் இழுத்தது. எத்தனையோ அளவுகள் எடுத்திருந்தேன், இதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றே எல்லாவற்றையும் கழற்றினேன். சூப்பர்சார்ஜரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் வாய்கள் இடம் மாறும். ஆனால் அதைத் தாங்கும் சட்டத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும். நாளை பார்க்கலாம் என்றார்கள் இருவரும். என்னால் நாளை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. இருட்டும்வரை அட்டையில் சட்டத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா படியின் மேலே நின்று, "மதி டீ, போதும், மேல வா," என்றாள். வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மூன்று அட்டைகளை வெட்டி முடித்தேன்.

புதுச் சட்டத்தோடு இன்ஜின் கிளம்பிய நாளும் ஒரு ஞாயிறுதான். காலைப் பத்து மணி இருக்கும். அத்தான் உதைத்தார், முதுகு காரணமாக உதைக்கக் கூடாது, இருந்தும் உதைத்தார். இரண்டு முறை துப்பிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஒற்றை சிலிண்டரின் அடிக்குரலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. கைப்பிடியைத் திருகினால் விசில் ஏறியது, விட்டால் இறங்கியது. பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பெல்ட் நடுங்குகிறதா என்று பார்க்க நான் குனிந்தேன். பெல்ட்டுக்கு மூடி இன்னும் செய்திருக்கவில்லை. விசிலுக்குள் இன்னொரு சத்தம் கேட்டது போலிருந்தது. வாயில் செம்புக்காசு ருசி. அது மட்டும் நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது கன்னத்தின் கீழ் அத்தானின் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து தொங்கியது. என் கைக்குள் கனமாக ஏதோ இருந்தது. பட்டறைக்காரர் தன் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று அவர் ஊரில் சொல்வார்களாம். அக்கா என் காலருகே சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் கணுக்காலைப் பிடித்திருந்தது.

"இன்ஜின் நின்னுச்சா?" என்று கேட்டேன். நான் முதலில் பேசியது அதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

"நிக்கல," என்றார் அத்தான். "நீதான் விழுந்தே. அது நல்லா ஓடிட்டிருந்தது. நிறுத்தணும்னு எங்களுக்குத்தான் தோணல."

நான் முன்பக்கமாக, பெல்ட்டை நோக்கித்தான் சரிந்தேன். அத்தான் என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததில் இருவரும் சேர்ந்து விழுந்திருக்கிறோம். அவரால் அதன்பின் ஒரு வாரம் நிமிர முடியவில்லை. என் விரல்கள் எல்லாம் இருந்தன. படுக்கையில் கிடந்து அவற்றை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஒரு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்றார். வெளியே வந்து அக்கா ஆட்டோவைக் கூப்பிடாமல் மரத்தடியில் நின்றாள். இனிமேல் கீழே இறங்காதே என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் வீட்டைவிட்டே போயிருப்பேன். எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது.

"கப்பல்ல இந்த மாதிரி பெல்ட்டெல்லாம் தொறந்தா வெச்சிருப்பீங்க?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். சுற்றுகிற எதற்கும் மூடி இருக்கும்.

"அப்ப மூடி போடு. தனியா கிளப்பாதே. கிளப்பறப்போ நானும் அங்க இருப்பேன். அதுக்குச் சம்மதம்னா செய்."

"சம்மதம். நீ பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போடு."

அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆட்டோவில் ஏறி, பாலம் தாண்டி, தோப்பும்படி வந்தபின், உள்ளிருந்து பூட்டினால் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். பட்டறைக்காரர் பெல்ட் மூடியோடு சேர்த்து அதையும் செய்து தந்தார். வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம், நாணயத்தை வைத்துத் திருகினால் திறக்கும். அன்று நான் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறக்காமல், வெகுநேரம் வாளிமேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்கா குரல் கொடுக்கவில்லை. கதவுக்கு வெளியே அவள் நிழல் இருந்தது, ஆனால் குரல் கொடுக்கவில்லை.

மழை தொடங்கி, கிடங்குத் தரை ஈரம் கோத்து, மறுபடி காயும்வரை வேலை இழுத்தது. சட்டம் அதிர்வில் ஒரு முறை விரிசல் விட்டது. தடித்த இரும்பில் மறுபடி செய்தோம். கார்ப்புரேட்டரில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் மூச்சுத்திணறியது. உள்ளே பெட்ரோல் வரும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகுகளை ஒன்றொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தேன். அக்கா விடைத்தாள்களைக் கீழே கொண்டுவந்து, முக்காலியில் உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திருத்துவாள். சத்தம் மாறினால் தலையைத் தூக்குவாள். கொஞ்ச நாளில் அவளுக்கே தெரிய ஆரம்பித்தது. "நேத்திக்கு இவ்வளவு பொருமல் இல்லயே," என்பாள். அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அது எங்களுக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால் வைட்டிலாவைத் தாண்டி, வண்டியை உருளைமேல் நிறுத்தி ஓடவைத்து சக்தியை அளக்கும் ஒரு பட்டறையில் நேரம் கேட்டோம். சரக்கு ஆட்டோவில் வண்டியைக் கட்டி அனுப்பிவிட்டு நாங்கள் மூவரும் பின்னால் பஸ்ஸில் போனோம். அக்கா கைப்பையில் என் மாத்திரைகள், தண்ணீர் பாட்டில், ஒரு சின்னத் தலையணைகூட.

அங்கிருந்தவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தீயணைப்பானை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். வீட்டில் செய்த சாதனத்தின்மேல் தன் ஆட்கள் உட்கார மாட்டார்கள், உடைமைக்காரர்தான் உட்கார வேண்டும் என்றார். அத்தான் ஏறினார். முதல் ஓட்டம் மெதுவாக, பாதி வரைக்கும். எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் விசில் உச்சத்துக்குப் போகும்போது 'டொப்' என்று ஒரு வெடி. தீ பின்னால் வந்துவிட்டது. தகடு எழும்பி வழி விட்டு, ஸ்பிரிங்கின் வேகத்தில் திரும்ப உட்கார்ந்தது. ஒன்றும் உடையவில்லை. நான் செய்த தகடு வேலை செய்ததில் எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. வெடியில் உடம்பு தூக்கிப்போட்டதில் முதுகில் மின்னல்போல் வலி. இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தீப்பொறி நேரத்தை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளினேன். இனி வெடிக்காது என்று தெரியும். ஒரே ஒரு ஓட்டம் மிச்சம். வண்டி எங்கேயும் போகாது, உருளைமேல்தானே நிற்கிறது. நான் சீட்டின்மேல் கை வைத்தேன். ஒரு காலைத் தூக்கவும் செய்தேன். முழங்கைக்கு மேலே அக்காவின் கை.

"இறங்கு."

"அக்கா, இது ஓடற வண்டி இல்ல."

"தெரியும். இறங்கு. நான் இருக்கேன்."

பள்ளிக்கு அவள் ஸ்கூட்டரில்தான் போவாள். கல்லூரிக் காலத்தில் அப்பாவின் பைக்கை எடுத்துச் சுற்றியதும் உண்டு. இருந்தாலும் அத்தான் சுவரோரம் நின்றபடியே வேண்டாம் என்று கையாட்டினார். அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்தாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்து, கியர் எந்தப் பக்கம் என்று காலால் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு முறுக்கணும்?"

"முழுசா. நான் கையை எறக்கற வரைக்கும் விடாதே."

நான் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில், பக்கவாட்டில் நின்றேன். அவள் கண் என் கையைவிட்டு நகரவில்லை. திருகினாள். பின்சக்கரம் உருளையை உருட்ட, விசில் ஏறி ஏறி, அந்தத் தகரக் கூரை முழுக்க நிறைந்தது. இன்ஜினின் சத்தம் என் பல்லில் கேட்டது. கப்பலை விட்டு வந்தபின் அப்படி ஒரு சத்தத்துக்குள் நான் நின்றதில்லை. அக்காவின் கன்னம் அதிர்ந்தது, உதடு இறுகியிருந்தது, முடிந்திருந்த கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது. வெடிக்கவில்லை. திணறவில்லை. திரையில் கோடு வளைந்து மேலே போய்த் தட்டையாகும்வரை காத்திருந்து கையை இறக்கினேன்.

சூப்பர்சார்ஜர் இல்லாமல் அந்த வண்டி கொடுத்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் கொடுத்திருந்தது. அளந்து பார்த்த அந்தப் பட்டறைக்காரர் தான் இன்னும் அதிகம் எதிர்பார்த்ததாகச் சொல்லிவிட்டு, அதற்குமேல் போயிருந்தால் பிஸ்டன் போயிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அக்கா இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாலேர்ந்து ஆரோ தள்ற மாதிரி இருக்குது," என்றாள். கொஞ்சம் கழித்து, "இத விட்டுட்டு வந்திருக்கே நீ," என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

இதோடு எல்லாம் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுநாள் காலையிலேயே கால் ஆட ஆரம்பித்தது. கீழே போய் வண்டியைப் பார்த்தேன், செய்ய ஒன்றுமில்லை. அது ஓடுகிறது, ஆனால் ஓட இடமில்லை. சில வாரம் கழித்து கப்பல் நிறுவனத்தின் மருத்துவர்கள் முடிவைச் சொன்னார்கள்: கடலுக்குத் தகுதியில்லை. கரையில் மேசை வேலை இருந்தால் பார்க்கலாம் என்று ஒரு வரி. நான் அதை அத்தானிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் முதுகு தேவலை என்றும், வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் காலம் வருகிறதென்றும், பழையபடி ஆக்கித் தந்தால் மெல்ல ஓட்டிப் பார்ப்பேன் என்றும் சொன்னார். கேட்கத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

மாதக்கணக்கில் மாட்டியதை ஒரு மதியத்தில் கழற்றினேன். அக்கா எதிரில் நின்று போல்ட்டுகளை ஒரு தட்டில் வாங்கி வைத்தாள். அழுகை வரும் என்று அவள் நினைத்திருக்கலாம். வரவில்லை. கை வேலையில் இருந்ததால் உண்மையில் அன்று நன்றாக இருந்தேன். சூப்பர்சார்ஜரை அந்த வைட்டிலா பட்டறைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் நடந்தேன். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒரு படகிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்டவுடனே தெரிந்தது, காற்று போதவில்லை, அதன் டர்போவுக்கு மூச்சு அடைத்திருக்கிறது. கரையில் படகு இன்ஜின் பார்க்கும் பட்டறை இருந்தது. உள்ளே போய் அங்கிருந்த மூத்தவரிடம் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கப்பலைச் சொன்னேன். அதே மூச்சில் வலிப்பையும் சொன்னேன்; எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும், படகில் ஏற மாட்டேன், கரையில் இருந்து செய்கிற வேலை எதுவானாலும் செய்வேன். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

அவர் மேசையில் பிரித்துப்போட்டிருந்த டர்போ ஒன்றை என் பக்கமாக நகர்த்தினார். காலால் ஒரு தாழ்ந்த முக்காலியை இழுத்துப் போட்டார்.

"இவிடெ இருந்து செய்யாமல்லோ," என்றார், இங்கே உட்கார்ந்தே செய்யலாமே என்று.

உட்கார்ந்தேன். டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தேன். நிறைய ஆடியது, பேரிங் தேய்ந்திருந்தது. ஸ்பேனர் கேட்டேன். கொடுத்தார்.